ஹெரால்டுக்கு அகல டயரா? அக்கா சொல்றதைக் கேளு

தம்பி, மும்பை செம்பூர்ல பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒண்ணை வாங்கிட்டு, முதல் வேலையா அகல ரிம், அகல டயர்னு கிளம்பியிருக்கே. ஆசை தப்பில்லை. இங்கிலாந்து டிரையம்ஃப் கம்பெனியோட காரு அது, 1961-லிருந்து மெட்ராஸ்லயும் செஞ்சாங்க. அதோட அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-ல இங்கிலாந்துல டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர்ங்கிற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டு வந்தாங்க. ரெண்டுக்கும் உருவம் கொடுத்தவர் ஒரே ஆளு, இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி. அதனால ஸ்பிட்ஃபயர் வச்சிருக்கிறவங்க டயர் விஷயத்துல பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது எல்லாம் உனக்கும் பொருந்தும்.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி போல்ட் கணக்கு. ஹெரால்டு சக்கரத்துல நாலு போல்ட். நாலும் நிக்கிற வட்டத்தோட விட்டம் மூணே முக்கால் இன்ச், அதாவது 95.25 மி.மீ. கடையில இதைத்தான் பி.சி.டி.ன்னு கேப்பாங்க. குர்லா சி.எஸ்.டி. ரோடுல நீ பார்க்கிற நாலு போல்ட் அலாய் பெரும்பாலும் 100 மி.மீ. ஃபியட் யூனோ ரிம் 98. ஓட்டையைக் கொஞ்சம் ராவிட்டா உக்காந்துடும்னு சொல்வாங்க. உக்காரத்தான் செய்யும். ஆனா சக்கரத்தோட நடு விலகிப்போய் ஸ்டியரிங் ஆடும், நட்டு தானா லூஸாகும். ஓட்டையை ராவின ரிம் ஓசியில வந்தாலும் வேண்டாம். தாராவி லேத் பட்டறையில ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவுல வைக்கிற ஸ்பேசர் கடைஞ்சு வாங்கலாமேன்னு தோணும். கடையறவர் கை சுத்தமா இருக்கலாம். அவர் கையில இருக்கிற அலுமினியத் துண்டு எதை உருக்கி ஊத்தினதுன்னு அவருக்கே தெரியாது, அதனால அதுவும் வேண்டாம். பழைய ரிம்மை அறுத்து நடுவுல பட்டை வச்சு வெல்டு பண்ணி அகலமாக்குற வேலைக்கும் இதே பதில்தான்.

அப்போ எது சரி? ஹெரால்டோட அசல் ரிம் 3.5 இன்ச் அகலம், டயர் 5.20-13. பின்னால வந்த ஸ்பிட்ஃபயர்ல கம்பெனியே 4.5 இன்ச் ரிம்மும் 155 டயரும் போட்டுச்சு. போல்ட் வட்டம் அதேதான். அந்த ரிம் கிடைச்சா கண்ணை மூடிக்கிட்டு வாங்கு. 155/80 R13 டயருக்கு அலையவே வேண்டாம், வேகன்-ஆர் புண்ணியத்துல எந்தக் கடையிலயும் இருக்கும். இன்னும் அகலம் வேணும்னா 175/70 R13. அதுக்கு 5 இன்ச் ரிம் போட்டாதான் நிம்மதி. 3.5 இன்ச் ரிம்முல 175-ஐத் திணிச்சா பக்கச்சுவர் பிதுங்கி, வளைவுல கார் நெளியும்.

உயரத்தையும் கணக்குப் பண்ணு. 155/80 சக்கரத்தோட மொத்த விட்டம் சுமார் 578 மி.மீ., 175/70 சுமார் 575. வித்தியாசமே தெரியாது. ஸ்டைலுக்காக 185/60-க்குப் போனா 552-க்கு இறங்கிடும். ஸ்பீடோமீட்டர் இருக்கிறதைவிடக் கூட்டிக் காட்டும், காரும் 13 மி.மீ. தாழும். நம்ம ஊரு ஸ்பீடு பிரேக்கருக்கு அந்த 13 மி.மீ. சின்ன விஷயம் இல்லை.

இப்போ இடம் இருக்கான்னு பாரு. 3.5-லிருந்து 5.5-க்குப் போனா, ஆஃப்செட், அதாவது ரிம்மோட நடுவுக்கும் அது ஹப்புல உக்கார்ற இடத்துக்கும் உள்ள தூரம், மாறாத பட்சத்துல உள்ளே ஒரு இன்ச், வெளியே ஒரு இன்ச் கூடும். முன்னாடி அது சஸ்பென்ஷன்ல உரசும், பின்னாடி ஃபெண்டர் விளிம்புல உரசும். ஹெரால்டுல ஒரு குசும்பு உண்டு. பானெட்டும் முன் ஃபெண்டரும் ஒரே துண்டா முன்பக்கம் சாயும். அதைத் திறந்து வச்சுக்கிட்டு, ஆஹா எவ்வளவு இடம்னு அளக்காதே, மூடிட்டு அள. ஃபெண்டர் விளிம்போட உள்பக்கம் கோலமாவைக் கெட்டியாக் குழைச்சு பூசிக் காய விடு. வீட்டு ஆளுங்க அத்தனை பேரையும் ஏத்திக்கிட்டு செட்டா நகரை ஒரு சுத்து சுத்து. ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்கு, ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் முழுசா ஒடிச்சுப் பாரு. மாவு எங்கே தேஞ்சிருக்கோ அங்கே டயர் முட்டுது. இந்தக் காருக்குப் பேரு வாங்கிக் கொடுத்ததே 25 அடி வட்டத்துல திரும்புற சாமர்த்தியம்தான். மாட்டுங்கா சந்துல ஒரே ஒடிப்புல திரும்புற காரை, டயர் உரசுதுன்னு மூணு தடவை முன்னபின்ன எடுக்க வச்சா யாருக்கு லாபம்?

பின்பக்கத்தைப் பத்திக் கொஞ்சம் விரிவாவே சொல்றேன், பசங்க கோட்டை விடுற இடம் அதுதான். ஹெரால்டுக்குப் பின்னாடி ஸ்விங் ஆக்சில். டிஃபரென்ஷியல் பக்கத்துல மட்டும்தான் மடியும். வளைவுல வேகமாப் போய் சட்டுனு ஆக்சிலரேட்டரை விட்டா, பின்பக்கம் எழும்பி சக்கரத்தோட அடிப்பாகம் உள்ளே மடங்கும். டயரோட பிடி எவ்வளவு கூடுதோ அவ்வளவு சுலபமா இது நடக்கும். அகல டயர் போட்டா கார் சாலையை இன்னும் இறுக்கிப் பிடிக்கும்னு நீ நினைக்கிறே, இந்தக் காருல அதே பிடிதான் பின்பக்கத்தைத் தூக்கி விடுது. கம்பெனிக்கே இது தெரியும். அதான் ஸ்பிட்ஃபயருக்கு 1970-ல பின் ஸ்பிரிங்கை மாத்தினாங்க. இங்கேயும் 1972-ல வந்த ஸ்டாண்டர்டு கெஸல்ல ஸ்விங் ஆக்சிலையே எடுத்துட்டாங்க. அதனால டயருக்குச் செலவு பண்றதுக்கு முன்னாடி பின் லீஃப் ஸ்பிரிங்கையும் ஹப் பேரிங்கையும் பார்க்கச் சொல்லு. தூக்குக்குண்டைக் கட்டித் தொங்க விட்டா சக்கரம் எந்தப் பக்கம் சாயுதுன்னு நீயே பார்த்துக்கலாம். சாஞ்சு ஓடுற சக்கரத்துல அகல டயர் ஒரு ஓரத்துலதான் தேயும், மிச்ச அகலம் வெறும் அழகு.

முன்னாடி, சக்கரம் திரும்புற கீழ் மூட்டுக்கு டிரன்னியன்னு பேரு. இதுக்கு கிரீஸ் இல்லை, இ.பி.90 கியர் ஆயில். எந்த கராஜுக்குப் போனாலும் பழக்க தோஷத்துல கிரீஸை அடிப்பாங்க, பக்கத்துல நின்னு பாரு. சக்கரம் வெளியே தள்ளத் தள்ள அதோட சுமை ஏறும்.

மழையை மறந்துடாதே. ஜூலையில கிங்ஸ் சர்க்கிள் காந்தி மார்க்கெட்கிட்ட தண்ணி நிக்கிறது உனக்குப் புதுசில்லை. லேசான காருக்கு அகல டயர் போட்டா ஒவ்வொரு அங்குலத்து மேலயும் விழற எடை குறையும். ஈஸ்டர்ன் ஃப்ரீவேயில மழைத் தண்ணிப் படலத்து மேல டயர் மிதக்கப் பார்க்கும். ஓரம் தேஞ்ச 175-ஐவிட நல்ல வரி உள்ள 155 உயிருக்கு நல்லது.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-ஆம் பிரிவுப்படி, கம்பெனி குறிப்பிட்டதுக்கு மாறா ஆர்.சி. விவரம் மாறுற மாதிரி காரை மாத்தக் கூடாது. 2019-ல உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்திடுச்சு. 50 வருஷம் தாண்டின கார்களுக்கு 2021-ல விண்டேஜ் பதிவு வந்தது. அந்த 'வி.ஏ.' நம்பர் வேணும்னா அடிச்சட்டத்துலயும் பாடியிலயும் இன்ஜின்லயும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அதனால ஃபெண்டரை அறுக்கிற பேச்சே வேண்டாம்டா. விளிம்பை லேசா மடிச்சு விடுறதைக்கூட நான் ஒத்துக்க மாட்டேன்.

இன்னும் சில்லறை விஷயம். ஒரு டயர் ரேடியல்னா நாலும் ரேடியலாவே இருக்கட்டும். பழைய ரிம்மோட உள்விளிம்புல மேடு இல்லேன்னா டியூப் போட்டே ஓட்டு. பக்கச்சுவர்ல நாலு இலக்க எண் இருக்கும், முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். பளபளன்னு புதுசா மின்னுற டயர் குடோன்ல ஆறு வருஷம் கிடந்ததா இருக்கலாம், படிச்சுட்டு வாங்கு. அலாய் போட்டா அதுக்குண்டான நட்டையும் சேர்த்து வாங்கு, ஸ்டீல் ரிம் நட்டு அதுல சரியா உக்காராது. மாட்டி நூறு கிலோமீட்டர் ஓடினதும் நட்டு எல்லாத்தையும் டார்க் ரென்ச் வச்சு ஒரு தடவை முறுக்கிப் பாரு.

என் தீர்ப்பு 4.5 இன்ச் ரிம், 155/80 டயர், அதோட நிறுத்திக்கோ. பழைய ரிம் நாலையும் தொப்பியோட துடைச்சு எண்ணெய் பூசி பரண்ல ஏத்து, எவன் கேட்டாலும் விக்காதே.