அழைப்பவர் யாரென்று மணியே சொல்லட்டும்

கணினிப் பாடம்: கைத்தொலைபேசிக்கு நாமே மணியோசை அமைத்தல்



தொலைபேசி மணி அடிக்கும்போது வீட்டிலுள்ள முதியவர்களின் முகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? எம்மவர் பலருக்கு அந்த மணி நீண்டகாலமாக நல்ல செய்தி கொண்டு வந்ததில்லை. ஊரில் இருந்தபோது வெளிநாட்டு அழைப்புக்காகக் கொமினிகேசன் கடை வாசலில் மணிக்கணக்காகக் காத்திருந்தோம். இங்கு வந்தபின் நடுச்சாமத்தில் மணி அடித்தால், ஊரில் யாருக்கு என்ன நடந்ததோ என்று நெஞ்சு பதறியது. 2009இல் போர் முடிந்தது. ஆனால் மணியோசைக்குப் பதறும் பழக்கம் முதியவர்களை விட்டுப் போகவில்லை.

எமது தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. தனியாக ஒரு சிறு தொடர்மாடி வீட்டில் இருக்கிறார். பிள்ளைகள் நால்வரும் மூன்று நாடுகளில். திரையில் பெயர்களைத் தமிழிலேயே பதிந்து கொடுத்திருந்தோம். ஆனால் தொலைபேசி குசினியில் இருக்கும், கண்ணாடி சாமியறையில் இருக்கும். யார் அழைத்தாலும் ஒரே மணி. ஆகவே எல்லா அழைப்பையும் ஓடிப்போய் எடுப்பார். சென்ற ஆண்டு ஒருநாள், வங்கியிலிருந்து பேசுவதாகச் சொன்ன ஒருவருக்குத் தமது அட்டையின் இலக்கங்களைப் பாதிவரை சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நாம் உள்ளே போனோம். அழைப்பைத் துண்டித்தோம்.

"ஏனம்மா தெரியாத ஆக்களின்ர போனை எடுக்கிறீங்கள்?" என்று கேட்டோம்.

"எடுத்தால்தானே தம்பி தெரிஞ்ச ஆளோ தெரியாத ஆளோ எண்டு தெரியும்?" என்றார்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோது கற்றதே இந்தப் பாடம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மணியோசை, தெரியாதவர்களுக்கு வேறொன்று. அவ்வளவுதான்.

1. தேவையானவை

ஒரு கணினி, தொலைபேசியை அதனுடன் இணைக்கும் கம்பி, 'ஓடாசிற்றி' என்ற மென்பொருள். கணக்காளர் என்ற வகையில் 'இலவசம்' என்ற சொல்லைக் கண்டால் சற்று நின்று பார்ப்பது எமது பழக்கம். 2000களில் மணியோசை விற்பது பெரிய வியாபாரமாக இருந்தது. இலவசம் என்று நினைத்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, பின்னர் வாராவாரம் பணம் கட்டியவர்கள் பலர். ஓடாசிற்றி அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1999இல் தொடங்கப்பட்டு, 2000இல் வெளிவந்தது. அதன் மூலநிரலை எவரும் பார்க்கலாம், திருத்தலாம், பகிரலாம். அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். அதே பெயரைப் போட்டு வேறு பொருளைத் தலையில் கட்டும் தளங்களும் உண்டு.

2. எந்த ஓசையைத் தெரிவது?

இங்கேதான் நாம் முதலில் பிழை விட்டோம். தாயாருக்குப் பிடிக்கும் என்று நல்ல மிருதங்க வாசிப்பொன்றைப் போட்டுக் கொடுத்தோம். அடுத்த வாரம் அவர் நான்கு அழைப்புகளைத் தவறவிட்டார். காரணம் இரண்டு. தொலைபேசியின் ஒலிபெருக்கி மிகச் சிறியது. தொப்பிப் பக்கத்தின் தாழ்ந்த ஒலி அதில் ஏறக்குறைய வராது. மேலும் அந்த வாசிப்பு மெதுவாகத் தொடங்கி, பத்து விநாடிகளுக்குப் பின்னரே சூடு பிடித்தது.

மறுபக்கம், வயது செல்லச்செல்லக் காது முதலில் இழப்பது உச்ச ஒலிகளையே. ஆகவே கீச்சென்ற ஓசைகளும் முதியவர்களுக்கு எட்டாமல் போகலாம். ஏறத்தாழ 500 முதல் 2,000 ஹேர்ட்ஸ் வரையுள்ள நடுத்தர ஒலிகளே பாதுகாப்பானவை. நாதஸ்வரம், ஆர்மோனியம், மனிதக் குரல் ஆகியவை சிறிய ஒலிபெருக்கியிலும் தெளிவாகக் கேட்கும்.

நீளமும் வேண்டியதில்லை. உலகம் முழுவதும் அறிந்த நொக்கியா மணியோசை, ஸ்பானிய கிற்றார் கலைஞர் பிரான்சிஸ்கோ தாரெகா 1902இல் எழுதிய 'கிரான் வால்ஸ்' என்ற இசையிலிருந்து எடுத்த சில விநாடித் துண்டுதான். முதல் மூன்று விநாடிக்குள் ஆளைச் சொல்லிவிட வேண்டும். முழுவதும் 20 முதல் 30 விநாடி போதும்.

சினிமாப் பாட்டை வெட்டலாமா என்று பலர் கேட்பார்கள். சந்தா கட்டிக் கேட்கும் செயலிகளில் உள்ள பாடல்கள் பொதுவாகப் பூட்டப்பட்டவை. உரிமைச் சட்டமும் நாட்டுக்கு நாடு வேறுபடும். எமது ஆலோசனை: உங்கள் பிள்ளையின் குரலையோ, பிள்ளை வாசிக்கும் வயலினையோ நீங்களே பதிவு செய்யுங்கள். உரிமைச் சிக்கலும் இல்லை, பாட்டிமாருக்கு அதைவிட இனிய சங்கீதமும் இல்லை.

3. வெட்டி எடுக்கும் முறை

(அ) தொலைபேசியில் பதிந்த ஒலியைக் கணினிக்கு அனுப்பி, அதை ஓடாசிற்றியின் வெற்றுப் பரப்பில் இழுத்து விடுங்கள். ஒலி அலைகளாகத் தெரியும். உயர்ந்த அலை உரத்த ஒலி, தட்டையான கோடு மௌனம்.

(ஆ) வேண்டிய துண்டுக்கு முன்னுள்ள பகுதியை மௌசால் இழுத்துத் தெரிந்து 'டிலீற்' விசையை அழுத்துங்கள். பின்னுள்ள பகுதிக்கும் அப்படியே. மீதி ஒலி பூச்சியத்திலிருந்து தொடங்குகிறதா என்று பாருங்கள். முன்னால் வெற்றிடம் இருந்தால் மணியும் பிந்தியே கேட்கும். பிழைத்தால் 'கொன்ட்ரோல்' விசையையும் 'இசட்' விசையையும் சேர்த்து அழுத்த, பழையபடி வரும்.

(இ) எல்லாவற்றையும் தெரிந்து, 'எபெக்ற்' மெனுவில் 'நோர்மலைஸ்' என்பதைக் கொடுங்கள். மெல்லிய பதிவு உரத்து வரும்.

(ஈ) கடைசி இரண்டு விநாடிகளை மட்டும் தெரிந்து 'பேட் அவுற்' கொடுங்கள். ஒலி வெட்டுண்டதுபோல் நிற்காமல் மெல்லத் தேய்ந்து முடியும்.

(உ) 'பைல்' மெனுவில் 'எக்ஸ்போர்ட்' சென்று எம்.பி.3 வடிவில் சேமியுங்கள். 'சேவ்' என்று கொடுத்தால் ஓடாசிற்றிக்கு மட்டும் புரியும் கோப்பே கிடைக்கும். எம்மைப் போல அதனுடன் ஒரு மாலைப்பொழுதை வீணாக்காதீர்கள்.

மெனுக்களின் இடம் பதிப்புக்குப் பதிப்பு சற்று மாறலாம். பெயர்களைத் தேடிப் பிடியுங்கள்.

4. தொலைபேசியில் ஏற்றுதல்

அன்ட்ரொயிட்: கம்பியால் இணைத்து, திரையில் கோப்புப் பரிமாற்றத்தைத் தெரிந்து, 'ரிங்டோன்ஸ்' என்ற அடைவுக்குள் கோப்பை இடுங்கள். பின்னர் தொடர்புப் பட்டியலில் பிள்ளையின் பெயரைத் திறந்து, அதற்குள் 'ரிங்டோன்' என்பதைத் தெரிந்து, உங்கள் கோப்பைச் சுட்டுங்கள்.

ஐபோன்: அப்பிளின் 'கராஜ்பாண்ட்' செயலி இலவசம். அதற்குள் ஒலியைக் கொண்டுவந்து, பகிரும் இடத்தில் 'ரிங்டோன்' என்று தெரிந்தால் தொலைபேசியில் சேர்ந்துவிடும். 30 விநாடிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் தொடர்புப் பட்டியலில் பெயரைத் திருத்தி மணியோசையை மாற்றலாம்.

எம்மவர் பெரும்பாலும் வட்ஸ்அப்பில் அழைப்பவர்கள். அன்ட்ரொயிட் தொலைபேசியில் வட்ஸ்அப் மணியைத் தனியாக அமைக்க வேண்டும். அந்த ஆளின் பெயரை வட்ஸ்அப்பில் திறந்து, அறிவிப்புகள் பகுதியில் மாற்றுங்கள். இதைச் செய்யாமல் விட்டால் செய்த வேலை பாதி வீண்.

பட்டியலில் இல்லாதவர்களுக்கான பொது மணியாக மெல்லிய, அவசரமில்லாத ஓசையொன்றைத் தெரியுங்கள். "அந்த மணி அடித்தால் எடுக்கத் தேவையில்லை, வேண்டியவர் செய்தி விடுவார்" என்று பெற்றோருக்குச் சொல்லிக் கொடுங்கள். வைத்தியசாலை, வைத்தியர், பக்கத்து வீட்டார் இலக்கங்களை மறவாமல் பட்டியலில் சேருங்கள்.

5. கவனிக்க வேண்டியவை

மோசடிக்காரர் இன்னொருவரின் இலக்கத்தைப் போலியாகக் காட்டி அழைக்க முடியும். அப்போது தெரிந்த மணியே அடிக்கும். ஆகவே மணி ஓர் உதவி மட்டுமே, உத்தரவாதமல்ல. எந்த மணி அடித்தாலும் அட்டை இலக்கம், இரகசிய இலக்கம் ஆகியவற்றைத் தொலைபேசியில் சொல்லக்கூடாது என்ற விதி மாறாது.

ஆலயத்தினுள் மணியோசையை நிறுத்தி வைப்பதைச் சொல்லவும் வேண்டுமா? தீபாராதனை நேரத்தில் அடிக்க வேண்டிய மணி வேறு.

இன்னுமொன்று. மகனின் குரலில் "அப்பம்மா, நான் கதைக்கிறன்" என்று பதிந்து கொடுத்தோம். முதல்நாள் அந்தக் குரல் கேட்டதும் தாயார் தொலைபேசியை விட்டுவிட்டு வாசற்கதவைத் திறக்கப் போய்விட்டார். இப்போது குரலுக்கு முன் இரண்டு தரம் மணியடிக்கும்படி சேர்த்திருக்கிறோம்.

6. ஒரு கசெற்

இதை எழுதத் தூண்டியது இன்னொரு சம்பவம். 1992இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி றெக்கோட்டரை இயக்கி, வெளிநாட்டிலிருந்த அண்ணருக்குத் தந்தையார் பேசி அனுப்பிய கசெற்றொன்று அவரிடம் இருந்தது. தந்தையார் இன்று இல்லை. கசெற் றெக்கோட்டரின் காதொலிப் பொருத்தியிலிருந்து கணினியின் ஒலி உள்ளீட்டுக்கு ஒரு கம்பி கொடுத்து, அதையும் ஓடாசிற்றியில் பதிந்தோம். பேச்சில்லாத இடத்து இரைச்சலை மாதிரியாகத் தெரிந்து 'நொய்ஸ் ரிடக்ஷன்' கொடுத்ததும் குரல் துலங்கியது.

"அம்மா, அப்பாவின் குரலையும் மணியாகப் போடவா?" என்று கேட்டோம்.

சற்று நேரம் பேசாமல் இருந்தார். "வேண்டாம் தம்பி. அது அடிக்கிற சாமான் இல்லை. நான் இருந்து கேக்கிற சாமான்" என்றார்.

அதைத் தனிக் கோப்பாகச் சேமித்து நால்வருக்கும் ஒவ்வொரு பிரதி கொடுத்தோம். உங்கள் வீட்டு அலுமாரியிலும் அப்படியொரு கசெற் கிடக்கலாம். நாடாக்கள் வருடத்துக்கு வருடம் பழுதாகின்றன. பிந்தாதீர்கள்.

வீட்டுப் பயிற்சி: இந்த வார இறுதியில் பெற்றோரின் தொலைபேசியை எடுத்து, ஒரேயொரு பெயருக்கு மட்டும் ஒரு மணியோசை அமையுங்கள். பின்னர் அடுத்த அறைக்குப் போய் அழைத்துப் பாருங்கள். திரையைப் பார்க்காமலே உங்கள் பெயரைச் சொல்லி எடுத்தார்களானால் பாடம் சித்தி.