கப்பல் ஏறப் போகும் காவிரிக்கரைக்காரர்களுக்கு

திருச்சிக்கு வந்த முதல் ரயில் ஒரு துறைமுகத்திலிருந்து வந்தது. நாகப்பட்டினத்தில் தொடங்கி, தஞ்சாவூர் வழியாக 1862-இல் இங்கே வந்து சேர்ந்த பாதை அது. நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பொன்மலைப் பணிமனையும் 1920-களில் நாகப்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்ததுதான். இலங்கைக்குப் போன போட் மெயில் எங்கள் ஊர் வழியாகத்தான் தனுஷ்கோடிக்குப் போகும். 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, ரயிலை விட்டு இறங்கியவர்கள் அங்கேயே கப்பல் ஏறித் தலைமன்னார் போனார்கள். ரயிலை நடத்தியதும் கப்பலை நடத்தியதும் ஒரே தென்னிந்திய ரயில்வே. இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட், ஒன்றுக்கொன்று பொருத்தி வைத்த நேரம். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது, தனுஷ்கோடி வழியான அந்த ஏற்பாடும் முடிந்தது.

பழைய கதையை முதலில் எடுத்ததற்குக் காரணம் உண்டு. இன்று உல்லாசக் கப்பலில் போகக் கிளம்பும் நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் இன்னும் போட் மெயில் கணக்கிலேயே திட்டம் போடுகிறார்கள். ராத்திரி மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிகாலையில் சென்னை, குளித்துச் சாப்பிட்டுவிட்டுத் துறைமுகம், மத்தியானம் கப்பல் என்று. ரயிலும் கப்பலும் இப்போது ஒன்றையொன்று அறியாத இரண்டு நிர்வாகங்கள். உங்கள் ரயில் மூன்று மணி நேரம் தாமதமானால் கப்பல்காரருக்கு அது தெரியாது, தெரிந்தாலும் காத்திருக்க மாட்டார். ஆகவே முதல் விதி: கப்பல் புறப்படுவதற்கு முந்தின நாளே துறைமுக ஊரில் போய்த் தங்குங்கள். திரும்பி வரும் நாளிலும் காலை ரயிலையோ மத்தியான விமானத்தையோ பதிவு செய்யாதீர்கள். இரண்டு ராத்திரி அறை வாடகை கூடுதலாக ஆகும். அதைக் கப்பல் கட்டணத்தின் ஒரு பகுதி என்றே எண்ணிக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற பிறகு, ஸ்ரீரங்கத்தில் என் தெருவிலும் பக்கத்து வீதிகளிலும் இருக்கிற வயதானவர்களைக் கப்பல் பயணங்களுக்குக் கூட்டிப் போய் வருகிறேன். நமக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. சென்னையில் 2023 ஜூன் மாதம் பன்னாட்டு உல்லாசக் கப்பல் முனையம் திறந்தார்கள். அங்கிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்குச் சுற்றுலாக் கப்பல் போகத் தொடங்கியது. இரண்டாவது, நாகப்பட்டினம் – காங்கேசன்துறை பயணிகள் கப்பல். இது உல்லாசக் கப்பல் அல்ல, சில மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும். மூன்றாவது வழியைத்தான் இப்போது நிறையப் பேர் தேர்ந்தெடுக்கிறார்கள்: திருச்சியிலிருந்து நேராகச் சிங்கப்பூருக்கு விமானம், அங்கே மரினா பே கப்பல் முனையத்தில் ஏறிப் பினாங்கு, புக்கெட் என்று சுற்றிவிட்டுத் திரும்புவது.

மூன்றிலுமே மனிதர்களைச் சோர்வடையச் செய்வது கடல் அல்ல, கப்பல் ஏறுவதற்கு முன்பு நிற்கிற வரிசைதான். வைகுண்ட ஏகாதசிக்குச் சேவிக்கப் போகிறவர்களுக்கு இது புரியும். பரமபத வாசல் திறக்கிற நேரம் ஒன்று, நம் முறை வருகிற நேரம் வேறு. கப்பல் டிக்கெட்டில் மாலை ஐந்து மணி என்று போட்டிருந்தால் அது கப்பல் கரையை விட்டு விலகும் நேரம். அதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே வாசலை மூடிவிடுவார்கள். உங்களுக்கென்று ஒதுக்கிய செக்-இன் நேரம் அதற்கும் முன்னால். இந்த மூன்று நேரங்களையும் தனித்தனியாக எழுதிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பெரிய துறைமுகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எது என்பது முக்கியமில்லை, எங்கேயும் நடக்கக்கூடியதுதான். எங்களுக்குப் பகல் பன்னிரண்டு மணிக்குச் செக்-இன். போய்ச் சேர்ந்தபோது வெளிவாசலிலேயே நூற்றுக்கணக்கானவர்கள் பெட்டிகளோடு வெயிலில் நின்றார்கள். பக்கத்தில் கன்டெய்னர் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. உள்ளே விடவில்லை. ஏன் என்று சொல்லவும் ஆள் இல்லை.

எங்கள் கூட்டத்தில் எழுபத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏம்ப்பா, கப்பலே இன்னும் வரலைங்கறாளே, நிஜமா?” என்று கேட்டார்.

“நீங்க முதல்ல நிழல்ல உட்காருங்க மாமி, நான் விசாரிச்சுட்டு வர்றேன்” என்றேன்.

நிஜம்தான். கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நின்றது. செக்-இன் மாலைக்குத் தள்ளிப்போயிருக்கிறது என்று முந்தின ராத்திரியே குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார்கள். எங்களில் யாருக்கும் அது வரவில்லை. பதிவு செய்துகொடுத்த முகவர் எல்லாப் பயணிகளுக்கும் தன் அலைபேசி எண்ணையே கொடுத்திருந்தார். செய்தி அவருக்குப் போயிருக்கிறது, அவர் பார்க்கவில்லை. அன்றைக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் அரை நாளுக்கு இரண்டு அறை எடுத்து எல்லோரையும் படுக்கவைத்தேன். வெயிலிலேயே நின்றவர்களில் ஒருவர் மயங்கி விழுந்ததை மாலையில் போனபோது கேள்விப்பட்டேன்.

அதிலிருந்து, பணம் கட்டுவதற்கு முன்பே ஒவ்வொருவரின் சொந்த அலைபேசி எண்ணும் பதிவில் இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறேன். வயதானவர் என்றால் மகன் அல்லது மகளின் எண்ணும் சேர்த்து. இன்னொன்று, பயணிகள் கப்பல்கள் எல்லாம் தாங்கள் இருக்கும் இடத்தை வானொலி அலையில் அறிவித்துக்கொண்டே போக வேண்டும் என்பது பன்னாட்டு விதி. ‘மரைன் டிராஃபிக்’ மாதிரியான செயலிகளில் கப்பலின் பெயரைப் போட்டால் அது எங்கே நிற்கிறது என்று வரைபடத்தில் தெரியும். நடுக்கடலில் போய்விட்டால் சில நேரம் தெரியாது, கரையை நெருங்கும்போது தெரிந்துவிடும். விடுதியை விட்டுக் கிளம்புமுன் அதைப் பார்த்துவிட்டால் வெயிலில் நிற்கிற பாதி நேரம் மிச்சம்.

ஏன் இப்படித் தாமதமாகிறது என்று தெரிந்தால் கோபம் பாதி குறையும். உல்லாசக் கப்பல் ஒரு பயணத்தை முடித்த அதே நாளில் அடுத்த பயணத்தைத் தொடங்குகிறது. காலையில் வந்தவுடன் பழைய பயணிகள் எல்லோரும் இறங்கிக் குடியேற்றம், சுங்கம் முடிக்க வேண்டும். அறைகளைச் சுத்தம் செய்ய வேண்டும். காய்கறி, பால், எரிபொருள் ஏற வேண்டும், குப்பை இறங்க வேண்டும். இத்தனையும் ஏழெட்டு மணி நேரத்துக்குள். இதில் முதல் கண்ணி தளர்ந்தால் எல்லாம் தளரும். அந்த முதல் கண்ணி, கப்பல் துறைக்குள் நுழைவது. துறைமுகத்தின் பைலட் ஏறி, இழுவைப் படகுகள் பிடித்தால்தான் உள்ளே வர முடியும். உல்லாசக் கப்பல் அடுக்குமாடிக் கட்டடம் போல உயரமானதால் காற்று அதன் பக்கவாட்டில் மோதித் தள்ளும். காற்று பலமாக இருந்தால் பைலட் காத்திருக்கத்தான் சொல்வார். சரக்குக் கப்பல்கள் நிறைந்த துறைமுகத்தில் துறை காலியாகவும் வேண்டும். கேப்டன் தாமதிப்பது பெரும்பாலும் நம் உயிருக்காக. அதை நான் குறை சொல்லவே மாட்டேன். தாமதம் என்று தெரிந்த பிறகும் பயணிகளிடம் சொல்லாமல் இருப்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

அடுத்தது பெயர். நம் தமிழர்களுக்கே உரிய தொல்லை இது. ஆதாரில் ‘ஆர். ஸ்ரீனிவாசன்’, கடவுச்சீட்டில் ‘ஸ்ரீனிவாசன் ரங்கராஜன்’, கப்பல் டிக்கெட்டில் முகவர் அடித்தது ‘ரங்கராஜன் ஆர். எஸ்.’ வீட்டில் மூவரும் ஒருவர்தான். கப்பல் மேசையில் இருக்கிற பெண்ணுக்கு மூன்று பேர். ஏறுகிறவர்கள் அத்தனை பேரையும் எண்ணிப் பட்டியல் முடித்த பிறகே கப்பல் கிளம்ப வேண்டும் என்பதால், பட்டியலில் இல்லாத பெயரை அவர்களால் லேசில் ஏற்ற முடியாது. வெளிநாடு போகிற பயணம் என்றால் கடவுச்சீட்டின் கீழ்ப்பகுதியில் எந்திரம் படிக்கிற இரண்டு வரிகள் இருக்கும். அதில் உள்ளபடியே டிக்கெட் இருக்க வேண்டும். கடவுச்சீட்டு இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இதைப் பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு பாருங்கள், முந்தின நாள் பார்த்துப் பயனில்லை.

சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் விசாவை இரண்டு முறை படித்துப் பாருங்கள். விமானத்தில் இறங்குவது ஒரு நுழைவு. கப்பலில் பினாங்கு போய்விட்டுத் திரும்பி இறங்குவது இன்னொரு நுழைவு. ஒரே முறை நுழைகிற விசா வைத்திருந்தால் கப்பல் ஏறவே விடமாட்டார்கள். பலமுறை நுழைய அனுமதிக்கும் விசா வேண்டும். சிங்கப்பூருக்கு வருகிறவர்கள் இணையத்தில் நிரப்பும் வருகை அட்டையும் அப்படித்தான், வருவதற்கு மூன்று நாள்களுக்குள் நிரப்ப வேண்டும், கப்பலில் திரும்பும்போதும் மறக்கக் கூடாது.

பெட்டியைப் பற்றிக் கொஞ்சம். வாசலில் வாங்கிக்கொள்ளும் பெரிய பெட்டி உங்கள் அறைக்கு வர மாலையாகிவிடும், சில நேரம் ராத்திரி. ஆகவே மாத்திரை, இன்சுலின், மூக்குக்கண்ணாடி, கடவுச்சீட்டு, ஒரு மாற்றுத் துணி எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். சர்க்கரை நோயாளிகள் பிஸ்கட் பொட்டலம் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கப்பலில் நெருப்பு ஆகாது. கற்பூரம், தீபம், ஊதுபத்தி, மின்கெண்டி, இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றையும் சோதனையில் எடுத்துவிடுவார்கள். சமைத்துக் கட்டிக்கொண்டுபோன புளியோதரையையும் பல கப்பல்களில் விடுவதில்லை. அதை வரிசையில் நிற்கும்போதே சாப்பிட்டு முடிப்பது உத்தமம். நடக்க முடியாதவருக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். வாசலில் போய்க் கேட்டால் கிடைப்பது அரிது.

நாகப்பட்டினம் கப்பலுக்குத் தனிக் கணக்கு. அங்கே வடகிழக்குப் பருவமழைதான் எஜமான். 2023 அக்டோபர் 14-இல் தொடங்கிய சேவை ஒரு வாரத்துக்குள் நிறுத்தப்பட்டது. 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு மறுபடி தொடங்கி, மழைக்காலத்தில் நின்று, 2025 பிப்ரவரியில்தான் மீண்டும் ஓடியது. ஐப்பசி, கார்த்திகையில் யாழ்ப்பாணத்தில் கல்யாணம் என்றால் இந்தக் கப்பலை நம்பி முகூர்த்தத்துக்குக் கிளம்பாதீர்கள். நல்லூர்த் திருவிழா ஆவணியை ஒட்டி வருவதால் அந்தப் பயணத்துக்கு இது பொருந்தும்.

வழியில் உள்ள துறைமுகத்தில் இறங்கிச் சுற்றுகிறவர்களும் நேரத்தில் கண்ணாக இருக்க வேண்டும். 2024 மார்ச்சில் ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவில் தனியாகச் சுற்றுலா போன எட்டுப் பேர் நேரத்துக்குத் திரும்பவில்லை. ‘நார்வீஜியன் டான்’ கப்பல் அவர்களை விட்டுவிட்டுப் போனது. நாடு நாடாகத் துரத்திப் போய்த்தான் அவர்கள் கப்பலைப் பிடித்தார்கள். கப்பலின் கடிகாரத்துக்கும் கரையின் கடிகாரத்துக்கும் நேர வித்தியாசம் இருக்கலாம். இறங்கும்போது எது கணக்கு என்று கேட்டுவிடுங்கள்.

சில நேரம் துறைமுகத்துக்குள் விடாமலேயே போவதும் உண்டு. 2022 ஜூனில் சென்னையிலிருந்து கிளம்பிய உல்லாசக் கப்பலுக்குப் புதுச்சேரியில் அனுமதி கிடைக்கவில்லை. வழியை மாற்றவும் ஒரு ஊரை விட்டுவிடவும் கேப்டனுக்கு உரிமை உண்டு என்று டிக்கெட்டின் நிபந்தனைகளில் எழுதியிருக்கும். ஒரே ஒரு ஊரைப் பார்ப்பதற்காகவே இவ்வளவு பணம் கட்டாதீர்கள்.

அதற்காக எல்லாவற்றையும் தலையெழுத்து என்று விட வேண்டியதில்லை. கப்பலே ரத்தாகிவிட்டால், கட்டிய பணத்தைத் திருப்பித் தராவிட்டால், சொன்ன வசதியைக் கொடுக்காவிட்டால் ரசீது, குறுஞ்செய்தி, நேரம் தெரியும் புகைப்படம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குச் சொல்லலாம். தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம். அதாவது திருச்சியிலேயே. கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நிறையப் பேருக்கு இது தெரியாததால்தான் நிறுவனங்கள் ‘பார்க்கலாம்’ என்று இழுத்தடிக்கின்றன.

கப்பல் முனையங்களை நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கப்பல் வர நேரமாகும் என்று தெரிந்த உடனேயே வெளிவாசலில் நிற்கிறவர்களுக்குத் தமிழில் ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களையும் கைக்குழந்தைக்காரர்களையும் மட்டுமாவது உள்ளே விட்டு நாற்காலி கொடுங்கள். குடிதண்ணீரும் கழிப்பறையும் வாசலுக்கு வெளியேயும் இருக்கட்டும்.