டர்போவைக் கழற்றுவதற்கு முன்

அன்புத் தம்பிக்கு,

மான்குர்த் லிங்க் ரோட்டுப் பக்கம் உன் ஷெட்டில் நிற்கிற அந்த டூரிஸ்ட் டாக்ஸியைப் பற்றி எழுதியிருந்தாய். 1.3 லிட்டர் டீசல், 90 குதிரைத்திறன் மாடல். டிரைவர் ‘பிக்கப் நஹீ ஹை உஸ்தாத்’ என்கிறார், செக் லைட் எரிகிறது, ஸ்கேனரில் பி0299 என்ற கோடு. கடைசியில் ஒரே கேள்வி: ‘டர்போ மாத்திடலாமா அண்ணே?’

மாற்றாதே. டர்போ போயிருக்கலாம், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் போய்விட்டது என்று சொல்ல உன் கையில் இன்னும் ஓர் ஆதாரமும் இல்லை.

அந்தக் கோடு சொல்வது மிகச் சின்ன விஷயம். இந்த ஆர்பிஎம்மில், இந்த லோடில் டர்போவிலிருந்து இவ்வளவு பூஸ்ட், அதாவது கூடுதல் காற்றழுத்தம், வரவேண்டும் என்று இன்ஜின் கம்ப்யூட்டர் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் காட்டியது அதைவிடக் குறைவு, அந்தக் குறைவு கொஞ்ச நேரம் நீடித்தது, அதனால் லைட்டைப் போட்டுவிட்டது. ஏன் குறைந்தது என்று அதற்குத் தெரியாது. ஏர் ஃபில்டர் பெட்டியின் வாயில் தொடங்கி ஃபில்டர், உள்ளே வரும் காற்றை அளக்கும் எம்ஏஎஃப் சென்சார், டர்போவின் குளிர்ந்த பக்கம், இண்டர்கூலர், அதற்கு முன்னும் பின்னும் உள்ள ரப்பர் ஹோஸ்கள், மேனிஃபோல்டு என்று காற்று போகிற வழி நீளமானது. அதில் எங்கே அடைத்தாலும், எங்கே கிழிந்தாலும், சென்சாரே பொய் சொன்னாலும் அதே கோடுதான் வரும். இந்தப் பட்டியலில் டர்போ ஒரு ஆள், அவ்வளவே. ஆனால் விலையில் அதுதான் பெரிய ஆள். ஹோஸ் போனால் சில நூறோ சில ஆயிரமோ ஆகும். டர்போ பல ஆயிரம். மாதத் தவணை கட்டி வண்டி ஓட்டுகிறவருக்கு அந்த வித்தியாசம் ஒரு மாதத்துச் சாப்பாடு.

2010இல் பிஎஸ்4 புகை விதி மும்பைக்கு வந்தபோது கூடவே வந்தது இந்தக் கோடு முறை. 2013 ஏப்ரலிலிருந்து அதன் இரண்டாம் கட்டம் கட்டாயமானது. புகையைக் கட்டுப்படுத்தத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். நாம் அதைப் பார்ட்ஸ் பட்டியலாக ஆக்கிக்கொண்டோம். ஸ்கேனர் கைக்கு வந்த பிறகு காதும் மூக்கும் மழுங்கிப்போன ஆட்களை நிறையப் பார்க்கிறேன். நீ அப்படி ஆகக் கூடாது.

முதலில், கோடை அழிக்காதே. லைட் எரிந்த கணத்தில் ஆர்பிஎம் எவ்வளவு, ஸ்பீடு எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு, லோடு எவ்வளவு என்று கம்ப்யூட்டர் ஒரு பதிவு எடுத்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று உன் ஸ்கேனரில் இருக்கும். கோடை அழித்தால் அதுவும் அழிந்துபோகும். அதைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு டிரைவரிடம் பேசு. மான்குர்த்திலிருந்து சயான் வரை நெரிசலில் ஊர்ந்து போனால் இந்தக் கோடு பெரும்பாலும் வராது, ஏனென்றால் அங்கே டர்போவுக்கு வேலையே இல்லை. கண்டாலா காட் ஏறும்போதோ, ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு எக்ஸ்பிரஸ்வேயில் மிதிக்கும்போதோதான் வரும். எந்த இடத்தில் இழுக்கவில்லை, புகை வந்ததா, விசில் மாதிரி சத்தம் கேட்டதா, அதற்கு முன்பு எங்காவது வண்டிக்கு வேலை நடந்ததா என்று கேள். கடைசிக் கேள்வியை விட்டுவிடாதே. யாரோ ஃபில்டர் மாற்றிவிட்டு ஒரு கிளாம்பைச் சரியாக உட்காரவைக்காமல் விட்டதால் வருகிற வண்டிகள் ஏராளம்.

அடுத்தது, மும்பையில் இருப்பவனுக்குக் கடல் கொடுத்திருக்கிற வசதி. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் ஆன் செய்து மேப் சென்சாரின் அளவைப் பார். நாம் கடல் மட்டத்தில் இருக்கிறோம். வெளியே காற்றழுத்தம் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல், மழைக்காலத்தில் ஒன்றிரண்டு குறையலாம். சென்சாரும் அதையேதான் காட்ட வேண்டும். மகாபலேஷ்வரில் நின்று பார்த்தால் சுமார் 86 காட்டும், அங்கே அது சரி. மான்குர்த்தில் 86 காட்டினால் பொய் சொல்வது சென்சார், அல்லது அதன் வயரிங். சென்சாரின் வாயில் கரி அடைத்திருக்கிறதா என்றும் கழற்றிப் பார். சாவியை ஆன் செய்து எண்ணைப் பார்க்கும் சோதனைக்கு ஸ்பேனர்கூட வேண்டாம். இதைச் செய்யாமல் டர்போவில் கை வைப்பவனை நான் மெக்கானிக் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சென்சார் சரி என்றால் இனி காற்றைக் கணக்குப் போடு. உன் வண்டியில் இருப்பது ஃபியட்டின் மல்ட்டிஜெட் இன்ஜின். நம் நாட்டில் 2007இல் ஸ்விஃப்ட்டில் வந்து, 2020இல் பிஎஸ்6 வந்தபோது புது வண்டிகளிலிருந்து விடைபெற்றது. மொத்தம் 1,248 சிசி, நாலு சிலிண்டர். ஒரு சிலிண்டருக்கு 312. நம் ஊர் வெயிலில் ஒரு சிசி காற்றின் எடை ஏறத்தாழ 1.15 மில்லிகிராம். அப்படியானால் பூஸ்ட் இல்லாமல், புகையில் கொஞ்சத்தைத் திருப்பி உள்ளே விடும் இஜிஆர் மூடியிருக்கும்போது, ஒரு சிலிண்டர் ஒரு தடவை இழுக்கும் காற்று 360 மில்லிகிராமைத் தாண்ட முடியாது. நடைமுறையில் இன்னும் கொஞ்சம் குறைவாகவே வரும். மேனிஃபோல்டில் அழுத்தம் 200 கிலோபாஸ்கலுக்கு ஏறினால் இருமடங்கை நெருங்கும். எம்ஏஎஃப் காட்டும் எண்ணை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்த்தால், அந்தச் சென்சாரை நம்பலாமா என்று உனக்கே தெரிந்துவிடும். சூடான கம்பியைத் தாண்டிப் போகும் காற்று அதை எவ்வளவு குளிரவைக்கிறது என்பதை வைத்துத்தான் அது அளக்கிறது. கம்பி மேல் தூசியும் எண்ணெயும் படிந்தால் குறைத்துக் காட்டும். ஒரு பக்கம் தேவனார் குப்பைமேடு, இன்னொரு பக்கம் இரவு பகலாக ஓடும் டம்பர்கள். உன் ஷெட்டுக்கு வரும் வண்டிகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன், நிதானமாகப் படி. வண்டியை ஓட்டிக்கொண்டே எம்ஏஎஃப், பூஸ்ட் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் புரியாது. காற்று நிறையப் போகிறது என்று எம்ஏஎஃப் சொல்கிறது, ஆனால் மேனிஃபோல்டில் பூஸ்ட் ஏறவில்லை என்றால், டர்போ தன் வேலையைச் செய்கிறது, அது அமுக்கிய காற்று வழியில் எங்கோ வெளியே போகிறது. இரண்டுமே குறைவு என்றால், ஒன்று உள்ளே வரும் வழி அடைத்திருக்கிறது, அல்லது டர்போ வேண்டிய வேகத்தில் சுற்றவில்லை. புகையையும் இதோடு சேர்த்துக்கொள். எம்ஏஎஃப்பைத் தாண்டிய பிறகு காற்று ஒழுகினால், அந்தக் காற்று உள்ளே போய்விட்டது என்று நம்பி கம்ப்யூட்டர் டீசலை ஊற்றும், கரும்புகை வரும். எம்ஏஎஃப்பே குறைத்துக் காட்டினால் டீசலையும் குறைத்துவிடும். புகையே இருக்காது, வண்டி மட்டும் செத்துப்போனது போல் இருக்கும். ‘பிக்கப் இல்லை’ என்கிற ஒரே புகாருக்குள் இந்த இரண்டு வண்டிகளும் இருக்கின்றன.

இதைப் பார்க்க ஷெட்டுக்குள் ஆக்சிலரேட்டரை மிதித்துப் பயனில்லை, லோடு வேண்டும். அதிகாலையில் வாஷி பாலம் வரை போய் வா. 2024 அக்டோபரிலிருந்து அங்கே கார்களுக்கு டோல் இல்லை. டிரைவர் ஓட்டட்டும், ஸ்கேனர் உன் மடியில் இருக்கட்டும். ஓட்டிக்கொண்டே திரையைப் பார்க்கிற வேலை வேண்டாம். மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழுசாக மிதிக்கச் சொல்லி, கேட்ட பூஸ்டும் வந்த பூஸ்டும் எங்கே பிரிகின்றன என்று பதிவு செய்.

ஒழுகல் என்று தெரிந்தால் கண்ணாலேயே பாதியைக் கண்டுபிடிக்கலாம். இன்டேக் ஹோஸுக்குள் லேசான ஆயில் ஈரம் எப்போதும் இருக்கும், அதைப் பார்த்துப் பயப்படாதே. ஆனால் வெளியே, கிளாம்ப் பக்கத்திலோ ஹோஸின் அடிப்பக்கத்திலோ ஆயிலோடு தூசி சேர்ந்து கறுப்பாக அப்பியிருந்தால், காற்று அங்கேதான் போகிறது. அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார், மடக்கிப் பார். பழைய ரப்பரில் உள்ள வெடிப்பு ஐடிலிங்கில் மூடியே கிடக்கும், பூஸ்ட் ஏறும்போது மட்டும் மீன் செவுள் மாதிரித் திறக்கும். அதனால்தான் ஷெட்டில் எவ்வளவு பார்த்தாலும் கண்ணில் படாமல் காட் ஏறும்போது மட்டும் தொல்லை தருகிறது.

கண்ணுக்குத் தெரியாவிட்டால் காற்றடித்துப் பார். ஃபில்டர் பக்கத்துக் குழாயை அடைத்து, அதில் ஒரு வால்வு வைத்து, பஞ்சர் கடைக் கம்ப்ரசரிலிருந்து ரெகுலேட்டர் வழியாகக் கொடு. 15 பிஎஸ்ஐக்கு மேல் வேண்டவே வேண்டாம். ஆயில் மூடியைத் தளர்த்தி வை, இல்லாவிட்டால் ஆயில் சீல்கள் பிதுங்கும். அடைப்புக்கு நேர் எதிரே நிற்காதே. எல்லா ஜாயின்டிலும் சோப்புத் தண்ணீர் ஊற்றினால் நுரை வரும் இடம் தெரிந்துவிடும். சிலர் கார்ப் கிளீனரை அடித்துச் சோதிப்பார்கள். டீசல் இன்ஜின் அதை உறிஞ்சி உன் கட்டுப்பாட்டை மீறி ஓடக்கூடும், சூடான டர்போ மேல் பட்டால் தீப்பிடிக்கும். அந்தப் பழக்கத்தை உன் ஷெட்டுக்குள் விடாதே.

ஒழுகலும் இல்லை, அடைப்பும் இல்லை என்றால்தான் டர்போ பக்கம் போக வேண்டும். அப்போதும் நேராக டர்போவைக் கழற்றுவதல்ல. இந்த மாடலில் வெளியேறும் புகையின் வழியை விரித்துச் சுருக்குகிற இறக்கைகள் உண்டு, அவற்றை வேக்குவத்தால் ஓடும் ஆக்சுவேட்டர் அசைக்கிறது. அந்த மெல்லிய வேக்குவம் ஹோஸ்களை முழு நீளமும் விரலால் தொட்டுப் பார். நம் ஏரியா எலிகளுக்கு அவை மிகவும் பிடிக்கும். கை பம்பால் வேக்குவம் கொடுத்தால் ஆக்சுவேட்டரின் கம்பி தடங்கலில்லாமல் ஏறி அப்படியே நிற்க வேண்டும். ஏறிவிட்டுத் தானாக இறங்கினால் ஆக்சுவேட்டரின் டயாஃப்ரம் போயிருக்கிறது. ஏறவே இல்லை என்றால் உள்ளே இறக்கைகள் கரியில் ஒட்டியிருக்கலாம். கடைசியில் குழாயைக் கழற்றி டர்போவின் வீலை விரலால் சுற்றிப் பார். உறைக்குள் உரசிய தடம் இருந்தால், வீலின் இறக்கை உடைந்திருந்தால், அப்போது சொல் டர்போ போய்விட்டது என்று. அந்த இடத்துக்கு வந்த பிறகு உன் வார்த்தையை யாரும் மறுக்க முடியாது.

பெட்ரோல் டர்போ வண்டிகளும் இப்போது நிறைய வருகின்றன. வழி இதேதான். ஆனால் அதில் த்ராட்டிலுக்குப் பின்னால் ஓட்டை இருந்தால் ஐடிலிங்கில் வெளிக்காற்றை உள்ளே உறிஞ்சும், பூஸ்டில் வெளியே தள்ளும். எம்ஏஎஃப் உள்ள வண்டி என்றால் ஐடிலிங்கில் ஃப்யூயல் ட்ரிம், அதாவது கம்ப்யூட்டர் செய்யும் எரிபொருள் திருத்தம், கூடுதல் பக்கம் போய், மிதித்தால் குறைந்துவிடும். அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

மழைக்காலத்துக்கு ஒன்று. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது, மறுநாளிலிருந்து இந்த நகரத்தின் கேரேஜ்கள் முழுக்கத் தண்ணீர் குடித்த இன்ஜின்கள். தண்ணீரில் நின்ற வண்டி வந்தால் ஸ்கேனரைத் தொடுவதற்கு முன், ஸ்டார்டரைத் தொடுவதற்கு முன், ஏர் ஃபில்டர் பெட்டியைத் திற. ஃபில்டர் நனைந்திருந்தால் சாவியைத் திருப்பவே கூடாது. தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். வெறும் ஈரத்தில் ஊறி உப்பிய ஃபில்டர்கூட மூச்சை அடைத்து இதே பி0299ஐக் கொண்டுவரும்.

இனி காசு. நீ எழுதாவிட்டாலும் எனக்குத் தெரியும், டர்போ மாற்றலாமா என்ற கேள்விக்குப் பின்னால் அதுவும் இருக்கிறது. அரை நாள் தேடி ஒரு கிளாம்பை இறுக்கினால் கஸ்டமர் கிளாம்புக்கு மட்டும் காசு தருவார். பெரிய பார்ட் போட்டால் கேள்வி கேட்காமல் கூலியும் தருவார். நம் தொழிலில் பாதிப் பொய் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. கண்டுபிடித்ததற்குக் காசு வாங்க வெட்கப்படுகிறவன், தேவையில்லாத பார்ட்டில் அதை ஒளித்து வாங்குகிறான். நீ வெளிப்படையாக வாங்கு. பில்லில் சோதனைக் கூலி என்று தனி வரி எழுது. எந்த எண் எவ்வளவு இருந்தது, சரி செய்த பிறகு எவ்வளவு ஆனது என்று கீழே எழுதிக் கொடு. கழற்றிய கிழிந்த ஹோஸைக் கையில் கொடு. பார்ட் எல்லாம் நன்றாகவே இருந்தது, ஒன்றும் மாற்றவில்லை என்றாலும் அந்தக் கூலி உனக்கு உரியது. இதையெல்லாம் நாளைக் காலையில் டிரைவர் வந்தவுடனே, பானெட்டைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடு. திறந்த பிறகு சொன்னால் அது பேரமாகி, பேரம் சண்டையாகிவிடும்.

அன்புடன்,
உன் அண்ணன்
செம்பூர்