கிட்டுக்குத் தேதியை முழுசாகச் சொல்லுங்கள்

ரிலீஸ் நோட் தயாரிக்க, பக் எப்போது உள்ளே வந்தது என்று தேட, கிட் லாக் கட்டளையில் ‘சின்ஸ்’ போட்டு ஒரு தேதி கொடுக்கிறோம். அதை கிட் நாம் நினைத்தபடிதான் படித்ததா என்று பார்ப்பவர்கள் குறைவு. வேலைக்குப் புதிதாக வருபவர்கள் முதலிலேயே பழக வேண்டிய விஷயம் இது.

05/04/2025 என்றால் நமக்கு ஏப்ரல் 5. சாய்கோட்டைக் கண்டால் கிட் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் வைத்து, மே 4 என்று படிக்கும். அதையே புள்ளி வைத்து 05.04.2025 என்று எழுதினால் ஏப்ரல் 5.

இதோடு நின்றால் பரவாயில்லை. படித்த தேதி இன்றைக்குப் பிறகு 10 நாளையும் தாண்டிப் போனால், கிட் நாளையும் மாதத்தையும் மாற்றிப்போட்டுப் பார்க்கும். அதனால் 2025 ஏப்ரல் 6 அன்று 05/04/2025 போட்டு ஸ்கிரிப்டை ஓட்டினால் ஏப்ரல் 5 என்றே எடுத்துக்கொள்ளும். டெஸ்ட் பாஸ், மெர்ஜும் ஆகிவிடும். அதே ஸ்கிரிப்ட் ஜூனில் ஓடினால் மே 4 ஆகிவிடும். ஒரு மாத கமிட்டுகள் பட்டியலில் இருக்காது, எரரும் வராது. எனக்கு இதில் மிகவும் கவலை தருவது இந்த மௌனம்தான்.

2025-04-05 என்று ஆண்டை முன்னால் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் நேரம் எழுதாவிட்டால், கட்டளையை ஓட்டும் அந்த நேரத்தையே கிட் ஒட்டிக்கொள்ளும். பிற்பகல் 3 மணிக்கு ஓட்டினால் ஏப்ரல் 5 பிற்பகல் 3 மணியிலிருந்துதான் கணக்கு; காலை கமிட்டுகள் போச்சு. சப்வெர்ஷனில் வெறும் தேதி கொடுத்தால் நள்ளிரவு 00:00. அங்கிருந்து மாறி வரும் டீம்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

‘எஸ்டர்டே’ என்றால் சரியாக 24 மணி நேரம் முன்பு. ‘டீ’ என்று கொடுத்தாலும் கிட்டுக்குப் புரியும், மாலை 5 மணி. எழுத்துப்பிழையோடு கொடுத்தால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு ‘இப்போது’ என்று வைத்துக்கொள்ளும். பட்டியல் காலியாக வந்தால் “யாரும் கமிட் செய்யவில்லை” என்று ஸ்டாண்டப்பில் சொல்லிவிடாதீர்கள்; எழுத்தைப் பாருங்கள்.

டெர்மினலில் சும்மா பார்க்க இந்தச் சொற்கள் போதும். ஸ்கிரிப்டிலும் ரிப்போர்ட்டிலும் 2025-04-05 00:00:00 +0530 என்று முழுசாக எழுதுங்கள். கடைசியில் உள்ள +0530 முக்கியம். அது இல்லாமல், யுடிசி நேரத்தில் இருக்கும் பில்டு சர்வரில் ஓடினால் நம் காலை 5.30 மணியிலிருந்துதான் கமிட்டுகள் வரும். சந்தேகம் இருந்தால் கிட் ரெவ்-பார்ஸ் கட்டளைக்கு அதே ‘சின்ஸ்’ தேதியைக் கொடுங்கள். கிட் புரிந்துகொண்ட நேரத்தை 1970 முதலான நொடிக் கணக்கில் காட்டிவிடும்.

இன்னொன்று. லாக் வழக்கமாகக் காட்டுவது ஆத்தர் தேதி. ‘சின்ஸ்’ வடிகட்டுவதோ கமிட்டர் தேதியை வைத்து. ரீபேஸ் செய்தால் இரண்டாவது மட்டும் மாறும். போன மாதம் எழுதிய கமிட் இந்த வாரப் பட்டியலில் ஏன் வந்தது என்று மேனேஜர் கேட்டால், ‘பிரிட்டி’யில் ‘ஃபுல்லர்’ போட்டு இரண்டு தேதியையும் காட்டுங்கள்.