செவிலியருக்கு வேண்டிய ஆங்கிலம்

என் சித்தி ஒரு செவிலியர். நர்ஸம்மா என்றால்தான் எங்கள் ஆலத்தியூரில் புரியும். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்து, பிறகு மூன்றாண்டு நர்சிங் டிப்ளமா முடித்தவர். பாடங்களெல்லாம் ஆங்கிலத்தில்தான். எழுதித் தேறிவிட்டார். பேசத்தான் வாய் வரவில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஓர் இரவில் மருத்துவர் தொலைபேசியில் ஒரு மருந்தின் அளவைச் சொன்னார். சித்தியின் காதில் விழுந்தது ‘ஃபிஃப்டி’. ஊசியில் மருந்தை ஏற்றும்போதே, ‘இவ்வளவா?’ என்று ஓர் ஐயம். மறுபடி அழைத்துக் கேட்கலாம். ஆனால் எந்த வார்த்தையால் கேட்பது? கேட்டால், ‘இதுகூடப் புரியவில்லையா?’ என்று நினைப்பாரோ? கடைசியில் பக்கத்து வார்டிலிருந்த மூத்த சிஸ்டரிடம் ஓடி, அவர் பேசிக் கேட்ட பிறகுதான் மருத்துவர் சொன்னது ‘ஃபிஃப்டீன்’ என்று தெரிந்தது. “அந்த அஞ்சு நிமிஷம் என் கை நடுங்குன நடுக்கம் எனக்குத்தான் தெரியும்டி” என்பார் சித்தி.

மருந்துச் சீட்டை வாசிக்கத் தெரிந்தால் போதாதா என்று அதுவரை நினைத்திருந்த நான், இதைக் கேட்டபிறகு மாறிவிட்டேன். நானும் நர்ஸாக ஆசைப்படுகிறவள். ஆகவே இந்தக் கோடை விடுமுறையில் சித்தியின் நோட்டைப் பார்த்துக் கற்றவற்றை என் தோழியருக்கும் சொல்கிறேன்.

முதலில் எண்கள். ‘ஃபிஃப்டீன்’ என்னும்போது அழுத்தம் பின்னால் ‘டீன்’ என்பதில் விழும், அது நீளும். ‘ஃபிஃப்டி’யில் அழுத்தம் முன்னால். ஆனால் இரைச்சலுள்ள வார்டில் இந்த வேறுபாட்டை நம்பி உயிரை வைக்க முடியுமா? எனவே “ஒன் ஃபைவ் ஆர் ஃபைவ் ஜீரோ, டாக்டர்?” என்று இலக்கம் இலக்கமாகக் கேட்க வேண்டும். கேட்டதை எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்துக் காட்டி, ‘ஆம்’ என்ற பதில் பெற வேண்டும். “லெட் மீ ரீட் இட் பேக் டு யூ” என்பதே அதற்கான வாக்கியம். மருத்துவமனைகள் பலவற்றில் இது விதியாகவே இருக்கிறது. ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவர்களும் இதைச் செய்தாக வேண்டும் என்று அறிந்தபோது எனக்கு எவ்வளவு ஆறுதல்!

எங்கள் ஊர் நோயாளிகள் தமிழில்தானே பேசுவார்கள், ஆங்கிலம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நோயாளி தமிழில் சொல்வதைக் கேஸ் ஷீட்டில் ஆங்கிலத்தில் எழுதுவது யார்? வேறு மாநிலத்து மருத்துவருக்கு எடுத்துச் சொல்வது யார்? நர்ஸம்மாதான். கடினமான பகுதி இதுதான் என்பது என் கருத்து. ஏனெனில் நம் பாட்டிமார் வலியைச் சொல்லும் விதமே தனி.

என் பாட்டியையே நோயாளியாக வைத்து ஒரு பட்டியல் எழுதினேன். ‘குத்துது’ என்றால் ஸ்டாபிங் பெயின். ‘எரியுது’ பர்னிங். ‘விண்ணு விண்ணுன்னு தெறிக்குது’ என்பதற்குத் த்ராபிங். வயிற்றைச் ‘சுருட்டிப் பிடிக்குது’ என்றால் க்ராம்ப். கால் ‘மரத்துப் போச்சு’ என்றால் நம்ப்னெஸ். நெஞ்சு ‘படபடங்குது’ என்றால் பால்பிட்டேஷன். எல்லாவற்றுக்கும் ‘பெயின்’ என்று ஒரே சொல்லை எழுதிவிட்டால், பாட்டி சொன்னதில் பாதி மருத்துவரைச் சென்றடையாது. ‘மயக்கமா வருது’ என்பது இன்னும் சிக்கல். சிலருக்கு அது தலைசுற்றல், சிலருக்கு நினைவு தப்புவது போன்ற உணர்வு, சிலருக்குக் குமட்டல். ஆங்கிலத்தில் இவற்றுக்கு டிஸி, ஃபெய்ன்ட், நாஸியா என மூன்று சொற்கள் உண்டு. எந்த மயக்கம் என்று முதலில் தமிழில் கேட்டுத் தெளிந்த பிறகே ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நல்ல ஆங்கிலம் எழுதுவதற்கு நல்ல தமிழ் கேட்கத் தெரிய வேண்டும் போலும்!

சிறுநீர் கழித்ததைக் கேட்கும்போது நாம் ‘தண்ணி போச்சா?’ என்கிறோம். ஆங்கிலத்திலும் “ஹாவ் யூ பாஸ்ட் வாட்டர்?” என்றே கேட்கிறார்கள். ஆனால் ‘வெளிக்குப் போச்சா?’ என்பதை அப்படியே சொல்லிவிடக் கூடாது. “ஹாவ் யூ ஓப்பன்ட் யுவர் பவல்ஸ்?” என்பதே மரியாதையான கேள்வி. இதை நான் வகுப்பில் சொன்னபோது கொல்லென்று சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்தேன். வார்டில் சிரிக்க முடியாது.

மரியாதை என்றதும் மற்றொன்று. தமிழில் ‘உட்காருங்க’ என்றால் அந்த ‘ங்க’விலேயே மரியாதை வந்துவிடுகிறது. வெறும் ‘சிட்’ என்றால் நாய்க்குட்டிக்குச் சொல்வதுபோல் இருக்கும். ‘ப்ளீஸ்’, ‘வுட் யூ’ ஆகியவைதாம் அங்கே ‘ங்க’. “வுட் யூ ரோல் அப் யுவர் ஸ்லீவ், ப்ளீஸ்?” என்று கேட்டு, “யூ வில் ஃபீல் எ ஸ்மால் ப்ரிக்” என்று முன்னறிவித்து ஊசி போட வேண்டும். அதற்கும் முன்பு மறக்காமல் கேட்க வேண்டியது: “ஆர் யூ அலர்ஜிக் டு எனி மெடிசின்?”

மருந்துச் சீட்டுச் சுருக்கெழுத்துகள் பல ஆங்கிலமே அல்ல, இலத்தீன்! பி.டி. என்றால் நாளைக்கு இருவேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, என்.பி.ஓ. என்றால் வாய்வழியாக ஒன்றும் தரக் கூடாது. ஆனால் எல்லாவற்றையும் சுருக்குவது ஆபத்து. இன்சுலின் அளவில் ‘யூனிட்’ என்பதற்கு ‘யு’ என்ற ஒரே எழுத்தை எழுதினால் அது பூஜ்யமாகத் தெரிந்து, நான்கு யூனிட் நாற்பதாகிவிடக்கூடும். ஆகவே முழுச் சொல்லாக எழுதச் சொல்கிறார்கள்.

மருத்துவரிடம் பேசுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. இப்போது என்ன நேர்ந்தது, நோயாளியின் முந்தைய நிலை என்ன, நான் என்ன நினைக்கிறேன், தாங்கள் என்ன செய்ய வேண்டும் என்ற நான்கு படிகள். இதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘எஸ்பார்’ என்கின்றனர். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் வழங்கிய முறை, பிறகு மருத்துவமனைக்கு வந்ததாம். இந்த நான்கும் மனத்தில் இருந்தால் இலக்கணம் சற்றுத் தவறினாலும் செய்தி தவறாது.

வெளிநாட்டு வேலைக்குச் செல்வோருக்கென்றே ஆஸ்திரேலியாவில் 1980களின் பிற்பகுதியில் உருவான ஓ.இ.டி. என்ற தேர்வு இருக்கிறது. பிரிட்டன், அயர்லாந்து நாடுகளும் அதை ஏற்கின்றன. அதில் பேச்சுத் தேர்வு நாடகம் போன்றது. ஒருவர் நோயாளியாக நடிக்க, நாம் நர்ஸாகப் பேச வேண்டும். எழுத்துத் தேர்வில் நோயாளியைப் பற்றி ஒரு கடிதம் எழுத வேண்டும்.

வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909ஆம் ஆண்டு நர்சிங் பள்ளி தொடங்கினார். 1946இல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. நம் அரியலூரிலோ 2022இல் அரசு மருத்துவக் கல்லூரியே திறந்தாயிற்று. வழியில்லை என்று நாம் சொல்ல முடியாது. மொழி வராது என்போரும் நம் மாவட்டத்து ஏலாக்குறிச்சியை எண்ணிப் பார்க்கலாம். இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர் அங்கே தங்கித் தமிழ்ப்பணி செய்தார். 1732இல் தமிழுக்கே ‘சதுரகராதி’ என்ற அகராதியையும் தந்தார். நாம் கேட்பதோ நூறு வாக்கியங்கள்!

இப்போது ஞாயிறுதோறும் சித்தி தொலைபேசியில் டாக்டராகப் பேசுவார், நான் நர்ஸ். பாட்டி கட்டிலில் படுத்து, கேட்காமலே முனகுவார். சென்ற வாரம் சித்தி வேண்டுமென்றே ‘தர்ட்டீன்’ என்பதை விழுங்கிச் சொன்னார். நான் உடனே, “ஒன் த்ரீ ஆர் த்ரீ ஜீரோ, டாக்டர்?” என்றேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, “ஒன் த்ரீ, சிஸ்டர்” என்றார்.