கவ்வாத்துக் கத்தியைத் தீட்டுவது எப்படி?



கவ்வாத்து மலைக்குப் போகிறவரிடம் "கத்தி எப்படி?" என்று கேட்டால், "பரவாயில்லை, வெட்டுது" என்பார். மொட்டைக் கத்தியும் வெட்டத்தான் செய்யும். ஆனால் ஒரே வெட்டில் விழவேண்டிய கிளைக்கு மூன்று வெட்டு வேண்டும். பட்டை உரியும், கிளை பிளக்கும். பின்னேரம் மணிக்கட்டு வலி எடுக்கும். சொன்ன கணக்குக்கு மரம் முடியாவிட்டால் அரைப்பேர்தான்.

நட்டம் அதோடு நிற்பதில்லை. மலைநாட்டில் ஒரு தேயிலை மரத்தைப் பொதுவாக 4, 5 வருடத்துக்கு ஒரு தடவைதான் கவ்வாத்து வெட்டுகிறோம். பிளந்த வெட்டில் மழைத்தண்ணீர் தேங்கும், பூஞ்சணம் புகும். கிளை நுனியிலிருந்து காய்ந்து, உள்மரம் உக்கிப் போகும். அந்தக் கிளையில் கொழுந்து வராது. இன்றைக்கு ஆண்கள் வெட்டும் மோசமான வெட்டுக்கு, பிறகு அதே நிரையில் கொழுந்து எடுக்கும் நம் வீட்டுப் பெண்களின் நிறை குறையும். ஆகவே கத்தி தீட்டுவது குடும்பத்து விஷயம். இந்தப் பாடத்தை வீட்டில் எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள்.

கத்தியை அறிந்துகொள்வோம்

நல்ல கவ்வாத்துக் கத்தி, கரி கூடிய கடின உருக்கினால் செய்தது. கொல்லன் அதைச் சிவக்கக் காய்ச்சி, சட்டென்று தோய்த்துக் கடினமாக்குகிறார். அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி உடைந்து போகும். அதனால் மறுபடி இளஞ்சூட்டில் பதப்படுத்துகிறார். கத்தியின் உயிர் அந்தப் பதத்தில்தான் இருக்கிறது.

உங்கள் கத்தி எப்படிப்பட்டது என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. அரத்தை வாய்ப்பக்கத்தில் மெல்ல வைத்துத் தள்ளுங்கள். அரம் கடித்தால் உருக்கு மென்மையானது. அதற்கு அரமே போதும், ஆனால் அடிக்கடி தீட்டவேண்டும். அரம் வழுக்கினால் உருக்கு கடினமானது. அதற்குக் கல்தான் வேண்டும். கடினமான கத்தி கூர்மையை நீண்ட நேரம் வைத்திருக்கும். ஆனால் கல்லில் பட்டால் வாய் மடங்காது, பல் விழும்.

மெஷின் சக்கரத்தில் கவனம்

எங்களுக்குத் தெரிந்த ஒருவர், நேரம் மிச்சம் என்று டவுனில் ஒரு கடையில் கொடுத்து, மெஷின் சக்கரத்தில் கத்தியைத் தீட்டிவந்தார். வாய் பளபளவென்று இருந்தது. ஓரத்தில் மட்டும் நீலமாக ஒரு கோடு. "நல்ல நிறம்தான்" என்று சந்தோஷப்பட்டார். மறுநாள் மலையில் பத்து மரம் வெட்டுவதற்குள் வாய் மடங்கிவிட்டது. தீட்டினார், மறுபடி மடங்கியது.

காரணம் அந்த நீலக்கோடு. தண்ணீர் இல்லாமல் சுற்றும் சக்கரத்தில் மெல்லிய வாய் சட்டென்று சூடேறும். ஏறக்குறைய 220 பாகை செல்சியஸில் உருக்கு வைக்கோல் நிறமாகும், 300 பாகை அளவில் நீலமாகும். நீலம் ஏறினால் கொல்லன் கொடுத்த பதம் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு தண்ணீரில் தோய்த்தாலும் அது திரும்பி வராது. நீலம் ஏறிய ஓரத்தைக் கல்லில் தண்ணீர்விட்டுத் தேய்த்து முழுவதும் நீக்கினால்தான் நல்ல உருக்கு வெளியே வரும். சக்கரத்தில்தான் தீட்டவேண்டும் என்றால், ஒரு தடவை தொட்டதும் தண்ணீரில் நனைத்து, மறுபடி தொடச் சொல்லுங்கள்.

கல்லில் தீட்டும் முறை

ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் வழுவழுப்பாகவும் உள்ள கல் நல்லது. பீலிக்கரையிலோ வாசலிலோ வெளிச்சம் உள்ள இடத்தில் உட்காருங்கள். கல் அசையாமலிருக்க அடியில் ஈரச்சாக்கு போடுங்கள். சின்னப் பிள்ளைகள் கிட்ட வரக்கூடாது.

1. முதலில் கத்தியைக் கழுவித் துடைக்கவேண்டும். தேயிலைச் சாறு ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து எடுக்கலாம்.

2. கல்லை நன்றாக நனைக்கவேண்டும். தீட்டும்போதும் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கவேண்டும்.

3. சாய்வு மிக முக்கியம். பிள்ளையின் கொப்பித் தாளின் மூலையை எடுங்கள். அது 90 பாகை. ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒரு மடிப்பு மடித்தால் 45. இன்னொரு மடிப்பு மடித்தால் ஏறக்குறைய 22. அந்தச் சாய்வில் கத்தியைக் கல்லில் வையுங்கள். மரம் வெட்டும் கத்திக்கு இது சரியான அளவு. இதைவிடப் படுக்க வைத்தால் வாய் மெலிந்து பல் விழும். நிமிர்த்தி வைத்தால் கூர் வராது.

4. சொரசொரப்பான பக்கத்தில், அடியிலிருந்து நுனிவரை ஒரே சாய்வில் தள்ளவேண்டும். வளைந்த கத்தியானால் வளைவோடு கையும் திரும்பவேண்டும். அவசரப்பட்டு அழுத்தவேண்டாம்.

5. கொஞ்ச நேரத்தில் மறுபக்க ஓரத்தில் மெல்லிய பிசிறு எழும்பும். விரலை வாயின் மேல் ஓட்டக்கூடாது. கத்தியின் முதுகிலிருந்து வாய்ப்பக்கம் வெளியே தடவினால் தட்டுப்படும். அடி முதல் நுனி வரை பிசிறு வந்தபிறகுதான் கத்தியைத் திருப்பவேண்டும். நம்மில் பலர் இதற்கு முன்பே திருப்பிவிடுகிறோம். அதனால்தான் எவ்வளவு தீட்டினாலும் "கூர் நிக்குதில்ல" என்கிறோம்.

6. மறுபக்கமும் அப்படியே செய்து, பிறகு வழுவழுப்பான பக்கத்துக்கு மாற்றுங்கள். இங்கே கை லேசாக இருக்கட்டும். கடைசியில் ஒரு பக்கம் ஒரு தடவை, மறுபக்கம் ஒரு தடவை என்று மாறி மாறி இழுத்தால் பிசிறு போய்விடும். பழைய தோல் இடுப்புவாரில் வாயைப் பின்னோக்கிப் பத்துத் தடவை இழுத்தால் இன்னும் நல்லது.

கூர் வந்ததா என்று கையில் பார்க்கவேண்டாம். வாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். மொட்டையான இடம் வெள்ளைக்கோடாக மின்னும், கூரான இடம் மின்னாது. பிறகு ஒரு பச்சைக் குச்சியைச் சாய்வாக வெட்டிப் பாருங்கள். வெட்டுமுகம் வழுவழுப்பாக, பட்டை ஒட்டியபடி இருந்தால் கத்தி தயார்.

கூரைக் காப்பாற்றுவோம்

சின்னக் கல் ஒன்றை மலைக்கும் கொண்டுபோங்கள். கத்தி முழு மொட்டையாகும்வரை காத்திருக்காமல், இடையிடையே நாலு இழுப்பு இழுத்தால் போதும். முதிர்ந்த தடித்த கிளைக்கு வாளைப் பாவியுங்கள். தூரடியில் வெட்டுமுன் கல்லையும் மண்ணையும் விலக்குங்கள்.

வேலை முடிந்ததும் கத்தியை ஈரத்தோடு கூரையில் செருகவேண்டாம். தேயிலைச் சாறு பட்ட இரும்பு கறுக்கும், அது பரவாயில்லை. ஈரம் நின்றால் துரு பிடித்து வாயை அரிக்கும். துடைத்து, உலர்த்தி, இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டை நீளவாட்டில் பிளந்து வாய்க்கு மாட்டினால் நல்ல உறை. கத்திக்கும் பாதுகாப்பு, மலைப்பாதையில் முன்னால் நடப்பவருக்கும் பாதுகாப்பு.

தேய்ந்து குழிவிழுந்த கல்லில் சாய்வு நிற்காது. சீமெந்துத் தரையில் மணலும் தண்ணீரும் போட்டு, கல்லைக் கவிழ்த்துத் தேய்த்தால் மட்டமாகிவிடும்.

கை வெட்டுப்பட்டால்

கோப்பித்தூள், தேயிலைத்தூள், மண்ணெண்ணெய் எதையும் காயத்தில் போடவேண்டாம். சுத்தமான துணியால் இறுக அழுத்தி, கையை மேலே தூக்கிப் பிடியுங்கள். இரத்தம் நின்றபின் சுத்தமான தண்ணீரால் கழுவுங்கள். ஆழமான காயமானால் கழுவுவதற்காக அழுத்தத்தை எடுக்காமல் உடனே டிஸ்பென்சரிக்குப் போங்கள். ஏற்பு ஊசி போடவேண்டுமா என்று கட்டாயம் கேளுங்கள். ஏற்புக் கிருமி மண்ணில் இருக்கிறது. கத்தி துருப்பிடிக்காமல் பளபளப்பாக இருந்தாலும் அது காயத்துக்குள் போகலாம்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் கத்தி அரத்துக்குக் கடிக்கிறதா, வழுக்குகிறதா?
2. கத்தியைத் திருப்புமுன் எதைப் பார்க்கவேண்டும்?
3. வாய் நீலமானால் என்ன செய்யவேண்டும்?
4. உங்கள் லயத்தில் நன்றாகத் தீட்டத் தெரிந்த பெரியவர் யார்? அவரிடம் கற்க எந்த இளைஞர் தயார்?

கடைசிக் கேள்விக்கு இந்த ஞாயிற்றுக்கிழமையே பீலிக்கரையில் பதில் தேடுங்கள். ஒரு கல்லும், அரைமணி நேரமும் போதும்.