முடி கொட்டினால் மூன்று மாதம் பின்னால் போங்கள்

சீப்பில் முடி கொத்தாக வந்தால் கல்முனைப் பக்கம் முதல் பழி தண்ணீருக்கு. கிணற்றுத் தண்ணி சவர் என்பார்கள், குழாய்த் தண்ணியில் குளோரின் என்பார்கள். அடுத்த பழி ஷாம்பூவுக்கு. கடைசியில்தான் மேசை மேல் கிடக்கும் குளிசை உறைகளில் கண் விழும். விழுந்ததும் பலர் அன்றிரவே குளிசையை நிறுத்திவிடுகிறார்கள். கொட்டிய முடியால் யாரும் ஆஸ்பத்திரியில் கிடப்பதில்லை. சொல்லாமல் நிறுத்திய குளிசையால் கிடப்பவர்கள் உண்டு. ஆகவே வேலையை ஒழுங்காகச் செய்வோம்.

முதலில்: நீங்களாக நிறுத்தாதீர்கள்

வலிப்புக்குத் தரும் சோடியம் வல்புரோவேட் முடியைக் கொட்டவைப்பது உண்மை. அதைத் திடீரென்று விட்டால், அடங்கியிருந்த வலிப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பலாம். நெஞ்சு வருத்தக்காரர் அட்டெனலோலை ஒரே நாளில் விட்டால் நெஞ்சுவலி கிளம்பும். வார்ஃபரினை விட்டால் இரத்தம் கட்டிபடும். பிரெட்னிசலோனை வாரக்கணக்கில் குடித்துவிட்டுச் சடுதியாக நிறுத்தினால் பிரஷர் விழுந்து மயக்கம் வரலாம். இவற்றையெல்லாம் குறைக்கலாம், மாற்றலாம். ஆனால் டொக்டர் சொல்லும் படிப்படியில்தான்.

இதற்கு விதிவிலக்கு உண்டு. உதடு, நாக்கு வீங்கி மூச்சு முட்டுவது, காய்ச்சலோடு தோலில் கொப்புளமும் வாய்க்குள் புண்ணும் வருவது, கண் மஞ்சளிப்பது, மலம் தார் போலக் கறுத்து ஒட்டுவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் அடுத்த வேளை மருந்தைக் குடிக்காமல் உடனே கிளம்புங்கள். கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்க வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையோ கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையோ, எது கிட்டவோ அங்கே போங்கள். கொப்புளம் போடும் ஒவ்வாமை பெரும்பாலும் மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில்தான் வரும். கார்பமசெப்பின், அலோபியூரினோல், கோட்ரைமொக்சசோல் குடிப்பவர்கள் இதை மனதில் வைத்திருங்கள். இரும்புச்சத்துக் குளிசை குடித்தாலும் மலம் கறுக்கும். அது வேறு, அதற்குப் பயப்படத் தேவையில்லை.

உண்மையிலேயே அதிகமாகக் கொட்டுகிறதா?

நாளுக்கு 50 முதல் 100 முடி எல்லோருக்கும் விழும். நாலு நாள் தலை முழுகாமல் இருந்து ஐந்தாம் நாள் முழுகினால் சேர்த்துத்தான் விழும். சந்தேகம் என்றால், காய்ந்த தலையில் ஐம்பது அறுபது முடியை விரல்களுக்கு நடுவே பிடித்து, அடியிலிருந்து நுனிவரை மெதுவாக இழுங்கள். ஒன்றிரண்டு வந்தால் பரவாயில்லை. ஆறுக்கு மேல் வந்தால், தலையின் வேறு இடங்களிலும் அப்படியே வந்தால், கொட்டுகிறது என்று கொள்ளலாம்.

விழுந்த முடியின் அடியை வெளிச்சத்தில் பாருங்கள். ஊசிமுனை அளவில் வெள்ளை முடிச்சு இருந்தால் அது வேரோடு பிடுங்கிய முடி இல்லை, ஓய்வுக்குப் போய்த் தானாகக் கழன்ற முடி. வேர் தோலுக்குள் இருக்கிறது, திரும்ப முளைக்கும். முடிச்சு இல்லாமல் நடுவில் முறிந்திருந்தால் மருந்தைத் தேட வேண்டாம், இழுத்துக் கட்டுவதையும் முடிச் சாயத்தையும் பாருங்கள். வட்டமாக ஒரு இடம் மட்டும் வழுக்கையானாலோ, தோல் சிவந்து செதிள் உதிர்ந்தாலோ தோல் வைத்தியரிடம் போக வேண்டும்.

நாட்காட்டியை எடுங்கள்

அனேகமானோர் பிழைவிடுவது இங்கேதான். தலையிலுள்ள முடியில் பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துகொண்டிருக்கும், மிச்சம் ஓய்வில் இருக்கும். உடம்புக்கு ஒரு அதிர்ச்சி வந்தால், அது மருந்தோ காய்ச்சலோ, நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். போன முடி உடனே விழாது, இரண்டு மூன்று மாதம் தலையிலேயே நின்று பிறகுதான் கழலும். ஆகவே மே மாதத்தில் கொட்டினால் நேற்று வாங்கிய ஷாம்பூவை ஏசாதீர்கள். பெப்ரவரியைப் புரட்டுங்கள்.

ஒரு ராத்தாவுக்கு ஒற்றைத் தலைவலிக்குத் தையில் புரொப்ரனலோல் தொடங்கினார்கள் என்று வைப்போம். சித்திரையில் முடி கொட்டுகிறது. மருந்துதான் என்று தோன்றும். ஆனால் அதே தையில், மாரி மழையோடு வந்த டெங்கில் ஒரு கிழமை வார்டிலும் கிடந்தார். இப்போது சந்தேகம் இரண்டு பேர் மேல். அதனால் மருந்தோடு காய்ச்சல், பிரசவம், சத்திரசிகிச்சை, கடும் டயட், கர்ப்பத்தடைக் குளிசை தொடங்கியது அல்லது விட்டது எல்லாவற்றையும் திகதி போட்டு ஒரே தாளில் எழுதுங்கள்.

புற்றுநோய் மருந்து மட்டும் வேறு கணக்கு. மட்டக்களப்புக்கோ மஹரகமைக்கோ போய் ஏற்றுபவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே விழும், வளரும் முடியே அறுந்துபோவதால். சிகிச்சை முடிந்து சில மாதங்களில் பெரும்பாலும் முளைத்துவிடும்.

வீட்டிலுள்ள எல்லா உறையையும் கொட்டுங்கள்

கிளினிக் கொப்பியில் இருப்பது பாதிக் கதை. பின்னேரம் தனியார் டொக்டரிடம் எடுத்தது, பாமசியில் கேட்டு வாங்கியது, நாட்டு வைத்தியரின் சூரணம், மகன் கட்டாரிலிருந்து அனுப்பியது என்று எல்லாம் மேசைக்கு வர வேண்டும். பெட்டியில் பெரிதாக இருக்கும் கம்பனிப் பெயரை விட்டு, அதன் கீழே சிறிதாக இருக்கும் மருந்தின் பெயரை எழுதுங்கள். வாப்பா காலையில் கிளினிக்கில் தந்த பைசோப்ரலோலையும் இரவில் கட்டாரிலிருந்து வந்த கொன்கோரையும் குடிப்பார். இரண்டும் ஒன்றே. நாடித்துடிப்பு இறங்கி, "தல சுத்துது மகள்" என்று சாய்ந்த பிறகு கண்டுபிடிப்பதைவிட இப்போது கண்டுபிடிப்பது நல்லது.

பிறகு சந்தேகத்துக்குரிய பெயர்களைத் தேடுங்கள். வல்புரோவேட், லித்தியம், வார்ஃபரின், ஹெபரின், புரொப்ரனலோல், அட்டெனலோல், மெத்தோட்ரெக்சேட், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின், தைரொயிட்டுக்கான கார்பிமசோல். இதில் கடைசியானது கொஞ்சம் சிக்கல், ஏனென்றால் தைரொயிட் வருத்தமே முடியைக் கொட்டவைக்கும்.

முடியோடு நிற்காமல் வேறு தொந்தரவுகளையும் குறியுங்கள். எனலப்ரில் குடிப்பவரின் விடாத வறட்டு இருமல், அம்லோடிபின் குடிப்பவரின் கணுக்கால் வீக்கம், மெட்ஃபோர்மினின் வயிற்றோட்டம், அடோவஸ்டட்டினின் தசைவலி எல்லாம் அடிக்கடி காண்பவை. எனலப்ரில் இருமலுக்கு மாதக்கணக்கில் சிரப் குடிக்கும் மாமிமார் நம் ஊர்களில் குறைவில்லை. லொசார்டனுக்கு மாற்றினால் அந்த இருமல் பெரும்பாலும் சில வாரங்களில் போய்விடும்.

நோன்பு காலத்துக்கும் ஒரு வார்த்தை. சீனி வருத்தத்துக்கு கிளிக்ளசைட் குடிப்பவர்கள் ரமழானுக்கு முன்பே டொக்டரிடம் அளவையும் நேரத்தையும் மாற்றிக் கேளுங்கள். பகலில் வியர்த்து, கை நடுங்கி, சீனி 70க்குக் கீழே போனால் நோன்பை விட வேண்டும். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதே உலமாக்களின் பரவலான கருத்து.

டொக்டரிடம் என்ன சொல்வது?

கிளினிக்கில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம். "தலமுடி கொட்டுது டொக்டர்" என்று மட்டும் சொன்னால் விற்றமினோடு அனுப்பிவிடுவார்கள். "தையில் இந்தக் குளிசை தொடங்கினேன், சித்திரையிலிருந்து முடி கொட்டுகிறது, இடையில் டெங்கும் வந்தது, மருந்தை நான் நிறுத்தவில்லை" என்று தாளை நீட்டுங்கள். மாற்று மருந்து உண்டா, அளவைக் குறைக்கலாமா, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், தைரொயிட் பார்க்கத் தேவையா என்று கேளுங்கள். வல்புரோவேட் குடிக்கும் இளம் பெண்கள், கலியாணம் பேசும் வீடாக இருந்தால் அதையும் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் அதைக் குடித்தால் பிறக்கும் பிள்ளைகளில் பத்தில் ஒன்றுக்கு உடற்குறை வரலாம். மாற்றுவதாக இருந்தால் கருத்தரிக்குமுன்பே மாற்ற வேண்டும்.

மாற்றிய பிறகும் இரண்டு மூன்று மாதம் கொட்டும். பொறுங்கள், ஆறு மாதத்தில் நெற்றியோரம் குட்டை முடி தெரியத் தொடங்கும். இதற்குள் பயோட்டின் குளிசையை அள்ளிப் போடாதீர்கள். குறை இல்லாதவருக்கு அதனால் பலன் இல்லை. தைரொயிட் பரிசோதனை முடிவையும் மாரடைப்புக்கான ட்ரொப்பொனின் முடிவையும் அது பிழையாகக் காட்டக்கூடும் என்று அமெரிக்க எஃப்.டி.ஏ 2017இல் எச்சரித்தது. தேங்காயெண்ணெயும் கருஞ்சீரக எண்ணெயும் பூசுங்கள், கெடுதல் இல்லை. ஆனால் மருந்தால் விழும் முடியை அவை நிறுத்தாது. ஈர முடியை இறுக்கிக் கட்டி அதன் மேல் ஸ்காஃப் போடுவதை விடுங்கள்.

மருந்துதான் காரணம் என்று தெரிந்தால், தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு அறிவிக்கும்படி டொக்டரையோ மருந்தாளரையோ கேளுங்கள். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சபை அது. முறைப்பாட்டுக்கு மருந்தின் தொகுதி இலக்கம் தேவைப்படும், அது அட்டையின் ஓரத்தில் இருக்கும். குளிசை தீர்ந்ததும் அட்டையைக் குப்பையில் போடாதீர்கள், அடுத்த கிளினிக் நாள்வரை கொப்பிக்குள் வைத்திருங்கள்.